பன்னிரண்டாம் பகுதியில் ஒரு முகம்

செப்டம்பரில் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைக்காத வீடு சோஃபியாவில் இல்லை. நெவேனா கலேவா பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் மெதோதி, மூடுவதற்கு முன் ஜாடிகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஈரத்துணியால் துடைக்காதே, பூஞ்சை பிடிக்கும் என்று அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். மூன்றாம் முறை சொன்னபோது அவன் துணியை அவள் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினான்.

"தொட்டுப் பாரு. காஞ்ச துணி. முப்பது வருஷமா என்னை நம்பினதே இல்ல நீ."

"முப்பது வருஷமா நீ துணியக் காயப்போட்டதே இல்ல."

இன்னும் எத்தனை ஜாடி என்று கேட்டான். பதினான்கு என்றாள். முடிந்த ஆறை மரப்பெட்டியில் வைத்து நிலவறைக்கு எடுத்துக்கொண்டு போனான். தட்டில் இருந்த மிளகாய் முழுவதையும் அவள் உரித்து முடித்த பிறகும் அவன் மேலே வரவில்லை. ஜாடிகளை அலமாரியில் வரிசையாக அடுக்கிய பிறகுதான் விழுந்திருக்கிறான். ஒன்றுகூட உடையவில்லை. இதயம் என்று மருத்துவர் சொன்னார்.

மெதோதி பொம்மலாட்ட நடிகன். முப்பது வருடமும் கறுப்புத் துணி முகமூடி போட்டுக்கொண்டு, கறுப்புத் திரைக்கு முன்னால், கறுப்புக் கையுறையோடு பொம்மைகளை ஆட்டியவன். அவன் ஆட்டிய கரடியை நகரத்துக்கே தெரியும். அவனை யாருக்கும் தெரியாது. கடைசி வருடம்தான் தொலைக்காட்சி நிலையம் அவனைக் கூப்பிட்டது. 'ஒன்பதாம் நிலவு' என்று சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரும் தொடர். ராக்கெட்டும் மந்திரமும் கலந்தது. அதில் ஒரு நிலவையே உப்பாக உறையவைத்துவிட்ட உப்பரசன் வேடம் அவனுக்கு. பதினொரு பகுதிகளில் தலையில் பெரிய இரும்புக் கவசம். குரல் மட்டும்தான் அவனுடையது. பன்னிரண்டாவதில், கடைசியில், உப்பரசன் கவசத்தைக் கழற்றுகிறான். நாற்பது வினாடி. படப்பிடிப்பு முடிந்து வந்த அன்று மெதோதி சூப்பைக்கூடத் தொடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"பன்னிரண்டாவது வரட்டும், பாரு. மூணாம் மாடிக்காரி என்னை இன்னும் ரயில்வேக்காரன்னு நினைச்சுட்டிருக்கா. அவ வாயப் பொளக்கணும்."

படப்பிடிப்பு ஆகஸ்டில் முடிந்தது. அவன் செப்டம்பரில் முடிந்தான். ஒளிபரப்பு மட்டும் வாரம் தவறாமல் நடந்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு நெவேனா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கவசத்துக்குள்ளிருந்து வரும் குரலைக் கேட்டாள். பன்னிரண்டாவதற்கு ஒரே ஒரு வாரம் பாக்கி இருந்தபோது தபால் வந்தது. உறையின்மேல் மெதோதி கலேவ் என்று தட்டச்சு செய்திருந்தது.

'மதிப்பிற்குரிய தோழர், பன்னிரண்டாம் பகுதியில் தோன்றும் தங்கள் முகம் குறித்து இரண்டாம் பார்வைக் குழுவுக்கு விளக்கம் தேவைப்படுகிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மேற்படி முகத்துடன் நேரில் வரவும்.'

நெவேனா அச்சகத்தில் ரயில் கால அட்டவணைகளுக்குப் பிழை திருத்துபவள். எந்த வாசகத்தையும் இரண்டு முறை படிக்கும் பழக்கம் உண்டு. இதை நான்கு முறை படித்தாள். பிழை எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் நிலையத்தின் வாசலில் நின்றபோது, எதிரே ட்ராம் கம்பத்தில் அவன் படம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. இறந்தவரின் படத்தைக் கறுப்புக் கரை போட்ட தாளில் அச்சடித்து வீட்டுக் கதவில், வேலை பார்த்த இடத்தில், தெருக் கம்பத்தில் ஒட்டுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். நாற்பதாம் நாள் தாளை அவளே பசை தடவி ஒட்டியிருந்தாள். வாழ்நாளெல்லாம் முகமூடி போட்டவனிடம் நல்ல படமே இல்லை. தொடரின் படப்பிடிப்பில் எடுத்த ஒன்று மட்டும் கிடைத்தது. கவசத்தைக் கழற்றி அக்குளில் வைத்திருக்கும் படம். அச்சுக்காரர் கவசத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டார்.

வாயிற்காவலர் அனுமதிச்சீட்டைத் தேடி எடுத்தார். மெதோதி கலேவ் என்றிருந்தது. அவர் இறந்துவிட்டார், நான் அவர் மனைவி என்றாள். காவலர் சீட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு சீட்டுதான் தோழர். இதுல உள்ள பேரு உள்ள போகலாம். வேற பேரு போகணும்னா மூணு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும். நீங்க உள்ள போகணுமா, வேணாமா?"

போகணும் என்றாள். "அப்ப கையெழுத்துப் போடுங்க தோழர் மெதோதி" என்று பேனாவை நீட்டினார்.

குழுவின் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. நீண்ட மேசை, முன்னால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, பின்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பெரிய தாள். மூன்று பேர். தலைவர் தோழர் ஸாங்கோவ். குழந்தைகள் மனத்தில் எது எப்படிப் பதியும் என்று முன்கூட்டியே அஞ்சுவதற்காக நியமிக்கப்பட்ட தோழர் யோட்டோவா. ஒலிப்பிரிவிலிருந்து தோழர் ஹாஜிஸ்கி. இவருக்கு இடது காது கேட்காது. வலது காதும் உற்சாகமாகக் கேட்பதில்லை. மூலையில் ஸ்வெத்தானா என்ற எழுத்தர், நடப்பதைக் குறிப்பேட்டில் எழுத.

தொடரின் இயக்குநரைக் காணோம். குழு கூடும் நாளெல்லாம் அவருக்குச் சிறுநீரகக் கல் வலிக்கும் என்றும், அதற்கென்று நிலையத்தில் தனி விடுப்புப் படிவமே உண்டு என்றும் ஸ்வெத்தானா தெரிவித்தாள்.

நெவேனா மீண்டும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவர் இறந்துவிட்டார். இன்றோடு நாற்பத்தெட்டு நாள்.

ஸ்வெத்தானா குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், இறப்பெல்லாம் பணியாளர் பிரிவுக்குப் போகவேண்டும், இங்கே வருகை மட்டும்தான் பதிவு என்றாள். பணியாளர் பிரிவில் எழுதவேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவர் தம் அடையாள அட்டையை நேரில் திருப்பித் தர வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, 'தோழர் மெதோதி கலேவ், பத்து மணி, வந்தார்' என்று எழுதி மை உறிஞ்சும் தாளை ஒற்றினாள்.

ஸாங்கோவ் தொண்டையைச் செருமினார். புதிதாக வருகிறவர்களுக்காக அவர் வைத்திருக்கும் உரை அது.

"நான் இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன் தோழர். இன்னிவரைக்கும் எனக்கு எதுவும் பிடிச்சதும் இல்ல, பிடிக்காமப் போனதும் இல்ல. அதனாலதான் இன்னும் இங்க இருக்கேன். நாங்க யாரு மேலயும் குத்தம் சொல்றவங்க இல்ல. எங்க மேல யாரும் குத்தம் சொல்லிடாம பாத்துக்கறோம், அவ்வளவுதான். பாக்க ஆரம்பிப்போமா?"

ஒளிபரப்புக்கு முன் குழு எந்தப் பகுதியையும் மூன்று முறை பார்க்கும். முதல்முறை ஒலி இல்லாமல், படம் மட்டும். இரண்டாம் முறை ஒலி மட்டும். ஆனால் ஒலியை அணைக்கலாம், படத்தை அணைக்கப் பெட்டியில் பொத்தான் இல்லை. அதனால் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேட்பார்கள். மூன்றாம் முறைதான் இரண்டும் சேர்ந்து. படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனிப் பிரிவுகள் பொறுப்பு என்பதால் இந்த ஏற்பாடு.

முதல் பார்வையில் யோட்டோவா நாடாவை ஒன்பது இடத்தில் நிறுத்தினார். இவ்வளவு உப்பைக் காட்டினால், கடையில் உப்புக் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள். உப்புக் கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள்தான் என்ன நினைப்பார்கள். ஒன்பதாம் நிலவு என்றால் மற்ற எட்டு யாருடையவை. கேட்டுவிட்டு அவரே, இதை நான் கேட்டதாக எழுதவேண்டாம் என்றார். ஸ்வெத்தானா 'கேட்கவில்லை' என்று எழுதினாள்.

முகம் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் படம் நின்றது. முகம் கடைசிப் பார்வைக்கு உரியது என்று ஸாங்கோவ் சொன்னார். நெவேனா மடியில் இருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள்.

பிறகு நாற்காலிகளைத் திருப்பினார்கள். அவளும் திருப்ப வேண்டியிருந்தது. பின்னால் பெட்டியில் காற்று ஊளையிட்டது, உப்பு நொறுங்கியது, கவசத்தின் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பிறகு அவன் குரல். இரும்புக்குள்ளிருந்து வரும் முழக்கம் இல்லை. வெறும் குரல். சமையலறையில் துணி எங்கே என்று கேட்கும் குரல்.

"பயப்படாதீர்கள். இத்தனை நாளும் உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன்."

திரும்பிவிடலாம் என்று அவள் கழுத்து துடித்தது. அவள் பக்கத்தில் ஹாஜிஸ்கி, திரும்புகிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் பார்வை செல்லாது, முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று மெல்லிய குரலில் எச்சரித்தார்.

அழுதுவிடக் கூடாது என்பதற்காக அவள் எதிரே சுவரில் இருந்த சட்டத்தைப் படிக்கத் தொடங்கினாள். கண் முன் எழுத்து இருந்தால் படித்துவிடுகிறவள் அவள். அது குழுவின் விதிமுறைகள். இருபத்து மூன்று விதிகள், பொடி எழுத்து. இருபத்திரண்டு வருடமாக இந்த மூன்று பேரும் வாரத்துக்கு மூன்று நாள் இதற்கு நேர் எதிரே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். கண்ணாடியின்மேல் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. பதினேழாம் விதியை அவள் இரண்டு முறை படித்தாள்.

மூன்றாம் பார்வை. படமும் ஒலியும். கவசம் கழன்றது. மெதோதி.

நரைத்த புருவம், ஒரு பக்கம் சற்றே தொங்கிய கண்ணிமை, சவரம் செய்யும்போது அவன் எப்போதும் விட்டுவிடும் தாடையோர முடி. கொஞ்சம் கீழே பார்த்தான். பிறகு நேராகப் பார்த்தான். நாற்பது வினாடி முடிந்தது.

ஸாங்கோவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இந்த மூஞ்சிய நான் எங்கயோ பாத்திருக்கேன்."

"நானும்தான்" என்றார் யோட்டோவா. அவர் குரல் மெலிந்துவிட்டது. "நேர்ல இல்ல. படமா."

"கறுப்புக் கரை போட்ட படம்" என்றார் ஹாஜிஸ்கி.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். கறுப்புக் கரையோடு அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்த படம் என்றால் அது செய்தித்தாளின் முதல் பக்கமாகத்தான் இருக்கவேண்டும். முதல் பக்கத்தில் கறுப்புக் கரை என்றால் மிகப் பெரிய ஆள். அவ்வளவு பெரிய ஆளின் முகத்தைக் கொண்டுபோய் உப்பரசனுக்கு ஒட்டியிருக்கிறார்கள். அதிலும் யார் என்று ஞாபகம் வரவில்லை. மறந்தது தெரிந்தால் அது தனிக் குற்றம். ஸாங்கோவின் காது நுனி சிவந்தது. மூவரும் 'பார்த்திருக்கிறோம்' என்று சொன்னதை ஸ்வெத்தானா நேரத்தோடு எழுதி முடித்திருந்தாள்.

நெவேனா எழுந்து ஜன்னலைக் காட்டினாள். "அது அங்க இருக்கு. ட்ராம் கம்பத்துல. நீங்க தினமும் அதுக்குக் கீழதான் நிக்கறீங்க. அவரேதான் அது. என் வீட்டுக்காரர்."

மூவரும் ஜன்னலுக்குப் போனார்கள். கம்பத்தைப் பார்த்தார்கள். ஸாங்கோவின் தோள்கள் இறங்கின. திரும்பியபோது அவர் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. அப்பாடா, முடிந்தது என்று நெவேனா நினைத்தாள்.

"நான் சொன்னேன்ல, பாத்திருக்கேன்னு" என்றார் அவர். "உறுதியாயிடுச்சு. எழுதிக்கம்மா ஸ்வெத்தானா. குழு பாத்திருக்கு."

ஒப்புதல் படிவத்தின் வாசகத்தை அவர் பொறுமையாக விளக்கினார். 'இப்பகுதியில் தோன்றும் எவரையும் நான் வேறெங்கும் கண்டதில்லை' என்று மூவரும் கையொப்பம் இட்டால்தான் ஒப்புதல். பெரிய மனிதர்களின் சாயல் வந்துவிடாமல் இருக்க வைத்த விதி. மூவரும் கண்டிருப்பது இப்போது ஐயமற நிரூபணமாகிவிட்டதால், ஒப்புதலுக்கு வழியில்லை. நிராகரிக்கவும் காரணம் இல்லை. ஆகவே முடிவு எதுவும் இல்லை.

"முடிவு இல்லன்னா?" என்றாள் நெவேனா.

"வெள்ளிக்கிழம பன்னண்டு மணிவரைக்கும் முடிவில்லாத நாடா கீழ கிடங்குக்குப் போகும். அங்க துடைச்சிட்டு வேற வேலைக்கு எடுத்துப்பாங்க. அடுத்த வாரம் சர்க்கரைக் கிழங்கு மாநாடு இருக்கு, நாடா பத்தல. எங்கள அப்படிப் பாக்காதீங்க தோழர் மெதோதி. நாங்க எதையும் அழிக்கறதில்ல. வெள்ளிக்கிழம அழிக்குது."

அவளைத் தேற்றும் விதமாக யோட்டோவாவும் ஒரு வார்த்தை சொன்னார். குழந்தைகளைப் பொறுத்தவரை கவசம்தான் அரசன். உள்ளே ஒரு சாதாரண ஆள் இருந்தான் என்று தெரிந்தால் அவர்கள் கண்ட கண்ட கவசத்துக்குள்ளும் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஹாஜிஸ்கி ஒலியைப் பற்றித் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பாதிதான் கேட்டதாகவும், கேட்ட பாதியில் ஒன்றும் இல்லை என்றும் நேர்மையாகச் சொன்னார்.

கிடங்கு நிலவறையில் இருந்தது. நெவேனா படியிறங்கிப் போனாள். ஏழு வாரமாக எந்த நிலவறைப் படியிலும் அவள் கால் வைத்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நாடாக்களைக் காப்பவரும் துடைப்பவரும் ஒருவரே. ஸ்பாஸ் என்று பெயர். அறுபது வயது, நீல அங்கி. மேசையில் ஒரு பெரிய மின்காந்த வளையம். நாடாவை அதன்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் அதில் இருந்தது போய்விடும்.

மெதோதியின் மனைவி என்றதும் அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மெதோதி படப்பிடிப்பு இடைவேளையில் இங்கே வந்து உட்கார்ந்து, கவசத்தோடு சீட்டாடுவானாம். முகம் தெரியாததால் அவன் ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்கவே முடிந்ததில்லையாம்.

"பதினேழாம் விதின்னு ஒண்ணு இருக்காமே, அண்ணே" என்றாள் அவள்.

ஸ்பாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அத யாரும்மா உனக்குச் சொன்னது?"

சுவரில் இருப்பதைப் படித்ததாகச் சொன்னாள். குடிமக்களில் எவரும், ஒரு பாத்திரம் இன்னாரை ஒத்திருக்கிறது என்று பெயரும் முகவரியும் குறிப்பிட்டு ஆட்சேபணை கொடுக்கலாம். அந்த இன்னாருக்குக் குழு கடிதம் எழுதி அபிப்பிராயம் கேட்கும். அவர் பதில் வரும்வரை நாடா முத்திரையிடப்படும்.

"முத்திர வச்சத நான் தொடக்கூடாது" என்றார் ஸ்பாஸ். "நான் மட்டுமில்ல, யாருமே. இங்க வந்து பதினெட்டு வருஷமாச்சு. நல்லது, கெட்டது, எல்லாத்தையும் துடைச்சிருக்கேன். முத்திர வச்சதா மூணுதான் மேல இருக்கு. அந்தப் பெரிய மனுஷங்க பதிலும் போடல, நாடாவும் போகல." அவர் மேல்தட்டைக் காட்டினார். "ஆனா தங்கச்சி, ஒண்ணு புரிஞ்சுக்க. முத்திர வச்சா அது ஒளிபரப்பாகாது. ஒருத்தரும் பாக்கமுடியாது. நீகூடத்தான்."

புதனும் வியாழனும் அவள் அச்சகத்துக்குப் போய்த் திருத்தம் பார்த்தாள். வர்னா விரைவு ரயிலின் இரண்டு நிறுத்தங்கள் இடம் மாறியிருந்ததைக் கவனிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரி கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வரும்போது படியில் மூன்றாம் மாடிக்காரி நிறுத்தி, இந்தச் சனிக்கிழமை உப்பரசன் மூஞ்சி தெரியுமாமே, யாராம் அது என்று கேட்டாள். நெவேனா தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு அதே வாயிலில், அதே சீட்டில், மெதோதி கலேவ் என்று கையெழுத்திட்டு உள்ளே போனாள். ஆட்சேபணைப் படிவம் எங்கே கிடைக்கும் என்று ஸ்வெத்தானாவுக்குத் தெரியவில்லை. அவள் வேலைக்கு வந்த பிறகு யாரும் கேட்டதில்லை. அலமாரியின் அடித்தட்டில், வேறெதற்கோ முட்டுக்கொடுத்திருந்த படிவக் கட்டு ஒன்றை உருவினாள். தாள்கள் மஞ்சளாகியிருந்தன.

'பாத்திரம்: உப்பரசன். ஒத்திருக்கும் நபர்: மெதோதி கலேவ். முகவரி: சோஃபியா, ரகோவ்ஸ்கி தெரு, 61, நான்காம் மாடி. ஒற்றுமையின் அளவு: முழுமை.' ஆட்சேபணையின் தன்மை என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த முகத்துக்கு எதிராக அவள் ஏதாவது எழுதவேண்டும். 'ஈரத்துணியால் துடைப்பவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொன்று முப்பத்தைந்து. ஸாங்கோவ் படிவத்தை விரல்நுனியால் பிடித்துக்கொண்டார்.

"இது சரிப்படாது தோழர். செத்துப்போனவருக்கு நாங்க எப்படிக் கடிதம் எழுதறது?"

"யார் செத்துப்போனது?"

"உங்க... இந்த மெதோதி."

"அப்படி எங்க எழுதியிருக்கு? பணியாளர் பிரிவுல இல்ல. அவர் அடையாள அட்டையத் திருப்பிக் குடுக்கல. செவ்வாக்கிழம பத்து மணிக்கு இந்த அறைக்கே வந்திருக்கார். உங்க குறிப்பேட்டுல இருக்கு."

ஸாங்கோவ் குறிப்பேட்டைக் கேட்டார். ஸ்வெத்தானா செவ்வாய்க்கிழமையின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். வந்தார் என்று தெளிவான கையெழுத்தில் இருந்தது. கீழே ஸாங்கோவின் கையொப்பமும் இருந்தது. வரவில்லை என்று திருத்தினால், பொய்யான குறிப்பில் தலைவர் கையொப்பமிட்டார் என்றாகும். திருத்தாவிட்டால் மெதோதி உயிரோடிருக்கிறான்.

பதினொன்று நாற்பத்தாறு. ஸாங்கோவ் ஜன்னலருகே போய்க் கம்பத்தைப் பார்த்தார். மழை தொடங்கியிருந்தது. முதுகைக் காட்டியபடியே, தமக்குத் தனிப்பட்ட முறையில் அந்த முகம் பிடித்திருந்தது என்று சொன்னார். சொன்னதும் பயந்துபோய்த் திரும்பி ஸ்வெத்தானாவைப் பார்த்தார். அவள் பேனாவைக் கீழே வைத்திருந்தாள்.

"முத்திரய எடு" என்றார்.

முத்திரை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையின் சாவி யோட்டோவாவிடம். யோட்டோவா உணவுக்கூடத்தில் பீன்ஸ் சூப்புக்கு வரிசையில். ஸ்வெத்தானா ஓடினாள். நெவேனா அறை நடுவே நின்று கடிகாரத்தையே பார்த்தாள். ஸாங்கோவும் அதையே பார்த்தார். சாவி வந்தபோது பதினொன்று ஐம்பத்து மூன்று. மை காய்ந்திருந்தது. ஸாங்கோவ் முத்திரையை வாய்க்கு நேரே பிடித்து இரண்டு முறை ஊதி, எச்சிலால் நனைத்து, தன் முழு உடம்பின் எடையையும் வைத்து அழுத்தினார்.

மூன்று மாடி, அதன்பின் நிலவறை. இந்த முறை அவள் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கதவைத் தள்ளியபோது காந்த வளையம் உறுமிக்கொண்டிருந்தது. சர்க்கரைக் கிழங்கு மாநாட்டுக்காரர்கள் இருவர் வெற்று நாடாவுக்காகக் காத்து நின்றார்கள். ஒருவர், மணி ஆகிவிட்டது, சீக்கிரம் முடியுங்கள் பெரியவரே என்று அவசரப்படுத்தினார். ஸ்பாஸ் பன்னிரண்டாம் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் இல்லாத தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் கடிகாரத்துல இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் அவர்களிடம். "நான் சட்டப்படிதான் துடைப்பேன்."

நெவேனா தாளை நீட்டினாள். ஸ்பாஸ் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். வளையத்தை அணைத்தார். அறை திடீரென்று அமைதியானது. நாடாப் பெட்டியின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, ஏணியில் ஏறி, அதை மேல்தட்டில் மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் வைத்தார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு 'ஒன்பதாம் நிலவு' வரவில்லை. சர்க்கரைக் கிழங்கின் இலைப்புள்ளி நோய் பற்றிய உரையாடல் வந்தது. அவள் முழுவதும் பார்த்தாள். மூன்றாம் மாடிக்காரி கதவைத் தட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்துத் தபால் வந்தது. 'மதிப்பிற்குரிய தோழர் மெதோதி கலேவ், தங்களை முழுமையாக ஒத்த ஒரு பாத்திரம் குறித்துத் தங்கள் அபிப்பிராயத்தை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' அவள் அதை மேசைமேல் அவன் உட்காரும் பக்கத்தில் வைத்தாள். பதில் போகவில்லை. அடுத்த மார்ச்சில் நினைவூட்டல் வந்தது. அதற்கும் அடுத்த மார்ச்சிலும்.

பிறகு நாட்டில் எல்லாம் மாறியது. இரண்டாம் பார்வைக் குழு கலைக்கப்பட்டு, அதே அறையில் ஒரு மன்றமாகவும், பிறகு ஒரு முகமையாகவும் ஆனது. ஸாங்கோவ் ஓய்வு பெற்று, தாம் எந்தக் காலத்திலும் எதையும் தடைசெய்ததில்லை என்று ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அது உண்மைதான். ஸ்பாஸ் இறந்தபோது அவர் தாளை நெவேனா அதே ட்ராம் கம்பத்தில் பார்த்தாள். மார்ச் மாதத் தபால் மட்டும் நிற்கவில்லை. கோப்பு திறந்திருக்கிறது, திறந்த கோப்புக்கு ஆண்டுதோறும் நினைவூட்டல் போகும். அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஒருமுறை ஒரு இளம்பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். இனிமையான குரல். பழைய கோப்புகளை முடித்துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தவளாம். மெதோதி கலேவின் இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பினால் போதும், இந்தத் தொல்லையே இனி இருக்காது என்றாள்.

"முடிச்சுட்டா நாடா எங்கம்மா போகும்?" என்று நெவேனா கேட்டாள்.

"பொது இருப்புக்குப் போயிடும்மா."

"பொது இருப்புல இருக்கறத என்ன பண்ணுவீங்க?"

அந்தப் பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். இடம் போதாதபோது கழித்துவிடுவார்கள் என்றாள். முத்திரையை உடைக்காமல் பிரதி எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, முடியாதும்மா, மன்னிக்கணும் என்றாள்.

"அப்ப அவர் இன்னும் யோசிச்சுட்டிருக்கார்னு எழுதிக்க."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டுவிட்டாள்.

இந்த மார்ச்சிலும் தபால் வந்தது. உறையின் தாள் மாறியிருக்கிறது, சின்னம் மாறியிருக்கிறது, கையொப்பமிட்ட பெயர் அவள் கேள்விப்படாதது. 'தோழர்' போய்த் 'திரு' வந்து வெகுகாலம் ஆகிறது. நாடாவின் நிலை என்ற கட்டத்தில், எப்போதும்போல, 'மேல்தட்டு, இடமிருந்து நான்காவது. பதில் எதிர்பார்க்கப்படுகிறது' என்று இருந்தது.